40 ரூபாய் பேட்டரிக்கு 4,800 ரூபாய் அழுதேன், நீங்களும் மாட்டாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடை பெயர் வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒன்று.

வீட்டு டெஸ்க்டாப் தினமும் காலையில் 2012 ஜனவரி 1 என்று காட்டியது. தேதி தப்பாக இருந்தால் பேங்க் சைட், ஜிஎஸ்டி சைட் எதுவும் திறக்காது, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வந்து நிற்கும். 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "கணக்கு வேலை பாக்குறவர் நீங்க, உங்ககிட்ட பொய் சொல்ல முடியுமா சார்? போர்டு போயிடுச்சு, டைம் ஓடுறதே அதுலதான்." போர்டு என்றால் எல்லா பாகமும் சொருகியிருக்கும் மதர்போர்டு; டைம் அதில் ஓடுகிறது என்பது உண்மைதானே, அதனாலேயே நம்பிவிட்டேன். செகண்ட் ஹேண்ட் போர்டு, கூலியோடு 4,800 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் பென்சிலில் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, "ஒரு வாரம் பிளக் சுவிட்சை அணைக்காதீங்க சார், போர்டு செட் ஆகணும்" என்றார். பரோட்டா மாவா அது, ஊறுவதற்கு? அப்போது உறைக்கவில்லை.

நாலாம் நாள் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. திரும்பப் போட்டால் 2012 ஜனவரி 1.

போன் போட்டேன். முதலில் "விண்டோஸ் அப்டேட் பிரச்சினை சார்", அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல", நேரில் போனால் "செகண்ட் ஹேண்டுக்கு வாரன்டி ஏது?" ஓனர் ஊரில் இல்லை என்று சொன்ன குரல் ஓனருடையதுதான்!

ஆத்திரத்தில் பெட்டியை நானே திறந்தேன். ராம் (மெமரி) சொருகும் இடத்தில் இரண்டு வருடம் முன்பு என் மகன் உடைத்த கிளிப் அப்படியே உடைந்து கிடக்கிறது. என் பழைய போர்டேதான். அதில் காசு மாதிரி ஒரு பேட்டரி, 2032 என்று மாடல் எண் எழுதியிருக்கும், வாட்ச் கடையில் 40 ரூபாய். மாற்றினேன், கடிகாரம் சரியாக ஓடுகிறது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதுதான் அந்த பேட்டரியின் வேலை; பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்கு வேலையே இல்லை, அதனால்தான் சுவிட்சை அணைக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். 4,800 ரூபாய்!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, சுருக்கமாக: சுவிட்சை அணைத்த பிறகு மட்டும் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் டைம் ஜோன் செட்டிங், அல்லது விண்டோஸோடு கூடவே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டிருப்பீர்கள், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கொடுக்கும் முன் போர்டைப் போட்டோ எடுங்கள், மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப் போகிறேன். கையில் இருப்பது அந்தக் கார்டுதான், பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது.