வேலையை விடாமல் இணையவழியில் முதுகலை: ஓர் ஆசிரியரின் அனுபவம்

கல்வியியலில் முதுகலைப் பட்டத்தை ஆன்லைனில் படித்து முடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் நிம்மதியும் களைப்பும்தான் எழுத்தில் தெரிந்திருக்கும். இப்போது, படித்ததில் எது வகுப்பறையில் நிலைத்தது, எது தேர்வோடு போய்விட்டது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். படித்தது பகுதிநேரமாக, பள்ளி வேலையை விடாமல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும் ஆசிரியருக்கு, வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதைவிட இந்த முறை ஒரு விஷயத்தில் மேலானது. இரவு படித்ததை மறுநாள் முதல் பீரியடிலேயே செய்து பார்க்கலாம். அப்படிச் செய்து பார்க்க நினைப்பவருக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் சொல்வேன். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்ந்தால் போதும் என்பவருக்கு, அந்தப் பட்டத்துக்காகக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் மிக அதிகம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கற்றல் உளவியல் தாளில் 2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தோம். கல்லூரி மாணவர்கள் சிறிய உரைப்பகுதிகளைப் படித்தார்கள். ஒன்றை மறுபடியும் படித்தார்கள். இன்னொன்றை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்த பகுதிதான் கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மறுபடி படித்ததில் 42 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியதில் 56 சதவீதமும் தங்கியிருந்தன. தேர்வுக்கு முந்தின நாள் புத்தகத்தை நாலு தடவை புரட்டிவிட்டு 'எல்லாம் தெரியும்' என்று நம்பி வரும் பிள்ளைகளை எந்த ஆசிரியருக்குத்தான் தெரியாது? அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிட முடிவிலேயே விடை இருந்தது.

அந்த வாரமே வகுப்பில் தொடங்கினேன். உள்ளே போனதும் புத்தகத்தை மூடச் சொல்லி மூன்று கேள்விகள்: ஒன்று நேற்றைய பாடத்தில், ஒன்று போன வாரத்தில், ஒன்று போன மாதத்தில். மதிப்பெண் கிடையாது, தாளை வாங்குவதும் இல்லை. ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. தினமும் பரீட்சையா என்று முகம் சுளித்தார்கள். யாரும் மதிப்பெண் கேட்கப் போவதில்லை என்று நம்பிக்கை வந்த பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு விடையை ஒப்பிட்டு அவர்களாகவே வாதிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கிடைத்தது இன்னும் பெரிது. தொடர் இணைப்பில் முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் 'தின்றுவிடும்', மீதிதான் அடுத்த பல்புக்குப் போகும் என்று வகுப்பில் பாதிப் பேர் இன்னும் தவறாக நினைக்கிறார்கள் என்பது, பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்ட கேள்வியில்தான் வெளியே வந்தது. பாடம் நடந்த வாரத்தில் அதே பிள்ளைகள் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதியது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அவர் கண்டார். எங்களுக்கு வந்த ஒரு அசைன்மென்ட், நம் வகுப்பின் பத்து நிமிட ஒலிப்பதிவைக் கேட்டு வரிவரியாக எழுதுவது. அதை மட்டும் யாராவது பயிற்சியாக எடுத்துச் செய்தாலே போதும் என்று தோன்றும் அளவுக்குப் பயனுள்ள வேலை. மூன்று விநாடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் புரியும்.

மறுபடியும் மாணவராக இருப்பது தனி அனுபவம். ஒப்படைப்பை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அந்த வாரங்களில் மனம் எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறோம். ஒரு பேராசிரியர் ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்புவார்: இந்தப் பத்தியில் வாதம் நிற்கிறது, அந்தப் பத்தியில் சான்று போதாது, அடுத்த கட்டுரையில் இதை மட்டும் கவனியுங்கள் என்று. அதைக் கேட்டுக்கொண்டே கட்டுரையைத் திறந்து வைத்துத் திருத்துவேன். வேறொரு தாளில் பல வாரம் கழித்து ஓர் எண் மட்டும் வந்தது, பக்கத்தில் 'நன்று' என்று ஒரு சொல். அதே கல்விக் கட்டணம், அதே உழைப்பு. எது என்னை நகர்த்தியது என்று விளக்கத் தேவையில்லை.

கல்வி ஆய்வாளர் ரூத் பட்லரின் 1988 ஆய்வை அந்தச் சமயத்தில்தான் படித்தேன். கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் செயல்பாடும் உயர்ந்தன. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களுக்கு அந்த உயர்வு இல்லை; மதிப்பெண்ணோடு கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் இல்லை. எண்ணைப் பார்த்ததும் பிள்ளை நோட்டை மூடிவிடுகிறது. பள்ளியில் மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது, சரி. அதனால் இப்போது நோட்டை முதலில் கருத்துரையோடு மட்டும் திருப்பித் தருகிறேன். திருத்தி எழுதிய பிறகே மதிப்பெண்ணைச் சொல்கிறேன். படிப்பு எனக்குத் தந்த பழக்கங்களில் இன்றுவரை ஒருநாளும் விடாதது இதுதான்.

நேரத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளியான கிரெடிட்டை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். பிரிட்டன் முறையில் ஒரு முதுகலைக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். ஆக 1800 மணி நேரம். 1800 மணி நேரத்தை இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால், விடுமுறையே இல்லாமல் வாரத்துக்கு 17 மணி நேரத்துக்கு மேல் வரும். மூன்று ஆண்டாக நீட்டினால் 12 மணி நேரத்துக்குள் அடங்கும். பள்ளி வேலையோடு முந்தையது மிகக் கடினம், பிந்தையது தாங்கும். நீட்டிக்க அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று சேரும் முன்பே கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது. பாதி பாரம் அவர்கள் தோளில்தான் ஏறும். பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வாரமும் ஒப்படைப்பின் கடைசித் தேதியும் சேர்ந்து வரும் என்பதையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். எப்படியும் சேர்ந்துதான் வரும்.

தனிமை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தொலைநிலைக் கல்வியில் 'தூரம்' என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை என்று அந்தத் துறை ஆய்வாளர் மைக்கேல் மூர் எழுதியிருக்கிறார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம், மாணவர் தானாக நடக்க எவ்வளவு முடியும் என்ற மூன்றையும் பொறுத்ததே அந்தத் தூரம் என்பது அவர் கோட்பாடு. நான் படித்தது அப்படியே ஒத்துப்போனது. விவாதப் பலகையில் வாரம் ஒரு பதிவும் இரண்டு மறுமொழியும் கட்டாயம் என்ற தாள்களில், 'அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்' என்பதைத் தாண்டி யாரும் பேசவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை நேரலையில், ஐந்தாறு பேர் மட்டும், ஆளுக்கொரு மாணவரின் விடைத்தாளைத் திரையில் வைத்துப் பேசிய தாள் ஒன்று இருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என் பத்தாம் வகுப்பு மாணவியின் விடையைப் பார்த்து, இந்தக் குழப்பம் பின்னங்களில் இருந்து வருகிறது, அறிவியலில் இருந்து இல்லை என்றார். நேரில் படித்திருந்தால்கூட அந்த மாதிரி ஆளைச் சந்தித்திருப்பேனா தெரியாது. எங்கள் வாட்ஸ்அப் குழு இன்றும் இருக்கிறது.

இனி ஆய்வேடு. வகுப்புத் தொடக்கத்தில் கேட்கும் அந்த நினைவுகூரல் கேள்விகளைப் பற்றித்தான் செய்தேன். செயல் ஆராய்ச்சி, அதாவது ஆசிரியர் தன் கற்பித்தலைத் தானே ஆராய்வது, என்று சொல்லிவிட்டால் சொந்த வகுப்பிலேயே செய்துவிடலாம், எளிது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆய்வு நெறிமுறைக் குழு கேட்ட கேள்விகள் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தன. உங்கள் மாணவர்களிடம் நீங்களே சம்மதம் கேட்டால், அவர்கள் 'மாட்டேன்' என்று சொல்லும் நிலையில் இருக்கிறார்களா? மதிப்பெண் போடுபவர் நீங்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதுமா, பிள்ளையின் விருப்பம் தனியாகக் கேட்கப்பட்டதா? பாதியில் விலகினால் அந்தப் பிள்ளையை எப்படி நடத்துவீர்கள்? இவற்றைத் தீர்க்க, சம்மதப் படிவத்தை வேறொரு ஆசிரியர் விளக்கி வாங்கினார். யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்ற பட்டியலை ஆண்டு மதிப்பெண் முடியும்வரை நான் பார்க்கவில்லை. தாள்களில் பெயருக்குப் பதில் குறியீடு.

அடுத்து, ஒரு பிரிவுக்கு நினைவுகூரல் கேள்விகளைக் கொடுத்துவிட்டு இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமா என்ற கேள்வி. பயன் தரும் என்று நானே நம்பும் ஒன்றை எப்படிப் பாதிப் பிள்ளைகளுக்கு மறுப்பது? வழிகாட்டி சொன்ன யோசனைப்படி மாற்றி மாற்றிச் செய்தோம்: ஒரு பாடத்தில் முதல் பிரிவுக்கு, அடுத்த பாடத்தில் இரண்டாம் பிரிவுக்கு. கிடைத்த முடிவு நான் எதிர்பார்க்காதது. கேள்விகள் கேட்ட பாடத்தில், வரையறையும் விதியும் கேட்கும் வினாக்களுக்கு இரு பிரிவுமே பின்னாளில் மேலாக எழுதின. 'ஏன் என்று விளக்குக' வகையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. என் மூன்று கேள்விகளே 'என்ன' வகைக் கேள்விகளாக இருந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம். இரண்டு வகுப்பை வைத்து ஊருக்கே விதி சொல்ல முடியாது. என் வகுப்புக்கு அது போதும். இப்போது மூன்றில் ஒன்று கட்டாயம் 'ஏன்' கேள்வி.

எழுதும் வேலைக்கு வந்தால், முதல் மாதத்திலேயே சோட்டேரோ மாதிரி ஒரு மேற்கோள் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். இலவசம்தான். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் புள்ளியும் காற்புள்ளியும் எங்கே என்று கையால் சரிபார்ப்பது வீண் வேலை. எழுத்து ஒப்புமையைச் சோதிக்கும் 'டர்னிட்டின்' மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது எழுத்து எங்கெல்லாம் ஒத்துப்போகிறது என்று காட்டும் கணக்கு. மேற்கோள் பட்டியலும் அதில் சேரும். திருட்டா இல்லையா என்பதை மனிதர் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது தாளுக்குத் தாள் வேறுபட்டது. ஒவ்வொரு முறையும் விதியைப் படிப்பது நல்லது.

குறைகளும் உண்டு. பழைய வீடியோக்களையே ஆண்டுதோறும் ஓட்டிய தாள் ஒன்று இருந்தது. திரை வழியே கேமராவில் கண்காணித்த தேர்வில் கண்ணைத் திருப்பினால்கூடச் சந்தேகமாகப் பார்க்கப்படுமோ என்ற பயத்தில் எழுத வேண்டியிருந்தது. தலைமைத்துவம் பற்றிய தாளில் இருந்து சொல்லும்படி எதுவும் என்னிடம் தங்கவில்லை. புள்ளியியல் தாளை மட்டும் நேரில் படித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. மென்பொருளில் தவறான முடிவு வரும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிவது, மின்னஞ்சலில் ஒரு வாரம் ஆனது.

பதவி உயர்வுக்காகவோ ஊதிய உயர்வுக்காகவோ படிப்பவர்கள், இணையவழிப் பட்டத்தை உங்கள் நிர்வாகம் ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட படிப்பை அந்த முறையில் நடத்த அனுமதி இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நேரலை வகுப்புகள் எந்த நேரத்தில், பேராசிரியர் எத்தனை நாளுக்குள் திருத்தித் தருவார், ஆய்வேட்டு வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முடித்தவர் ஒருவரிடம் பேச முடிந்தால் தகவல் ஏட்டில் இல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. பட்டம் கைக்கு வந்த சில வாரங்களில் நூலகக் கணக்கு மூடப்பட்டது. ஆய்வுக் கட்டுரை படிக்கும் பழக்கம் உண்டான பிறகு அந்தக் கதவு அடைபடுவது உண்மையிலேயே வருத்தம். இப்போது எரிக் என்ற இலவசக் கல்வி ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடுகிறேன். அதில் முழுக் கட்டுரையாகவே பல கிடைக்கின்றன. கூகுள் ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பை அழுத்தினால், பூட்டிய கட்டுரையின் இலவசப் பிரதி வேறோர் இடத்தில் அகப்படுவதும் உண்டு. முன்னாள் மாணவர்களுக்கு நூலக அனுமதி தரும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. சேரும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். கணக்கு மூடும் முன், உங்கள் பாடத்துக்கு வேண்டிய கட்டுரைகளை ஒழுங்காகப் பெயரிட்டு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.