மலையிலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு எந்தத் தொட்டி? சின்டெக்ஸ், ஃபெரோசிமெண்ட், சம்ப்: ஓர் ஒப்பீடு

திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கம் உள்ள குழந்தைகள் இல்லங்களுக்கு உதவ வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஒரு டாங்க் வாங்கித் தரலாம்னு இருக்கோம், எத்தனை லிட்டர் வேணும்?" நல்ல மனசு. ஆனால் லிட்டரைப் பேசுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டியை எங்கே வைக்கப் போகிறோம், அதை யார் கழுவுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் வாங்கிய டாங்க் இரண்டாம் வருஷமே மூடி இல்லாமல், பாசி பிடித்து நிற்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது குழந்தைகள்.

40 குழந்தைகள், 5 பெரியவர்கள் உள்ள ஓர் இல்லத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். குளியல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 70 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 3,150 லிட்டர் வேண்டும். அதில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லிட்டர் வைத்தாலே 315 லிட்டர்தான் ஆகிறது. அதாவது மிகச் சுத்தமாக இருக்க வேண்டிய தண்ணீர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

அடுத்து ஊற்று. மேட்டிலிருக்கும் ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் போட்டுத் தண்ணீர் இறக்குவதுதான் இங்கே வழக்கம். பைப் வாயில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 5,760 லிட்டர் வருகிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அதே பக்கெட் நிரம்பப் பத்து நிமிடம் ஆனால் 2,880 லிட்டர். கொஞ்சம் பற்றாக்குறைதான், ஆனாலும் சமாளிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: ராத்திரி முழுக்க ஒழுகும் தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. நூல் போல வருகிறதே என்று ஒதுக்கிவிடும் ஊற்றுகூட, பிடித்து வைக்க இடமிருந்தால் ஓர் இல்லத்தைக் காப்பாற்றும்.

கோடை முழுவதற்கும் தண்ணீர் சேர்த்து வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நூறு நாளுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதற்கு இங்கே இடமும் இல்லை, சரிவு மண் அந்தப் பாரத்தைத் தாங்கவும் தாங்காது. நாம் சேமிப்பது பைப் உடைந்த நாட்களுக்காக. காட்டுமாடு மிதித்தால் ஓஸ் பிய்ந்துபோகும், யானை வந்தால் பிடுங்கியே எறிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பைப் எங்கே போனது என்றே தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு, மூன்று நாள் தண்ணீர் கையிருப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. மூன்று நாளுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர். இனி அதை எதில் வைப்பது என்று பார்ப்போம்.

பிளாஸ்டிக் டாங்க். எந்த கம்பெனி செய்தாலும் நம் ஊரில் அதற்குப் பேர் சின்டெக்ஸ்தான். இதன் பெரிய பலம் வேகம். இன்று ஆர்டர் கொடுத்தால் இந்த வாரமே தண்ணீர் பிடிக்கலாம். ரோட்டிலிருந்து இல்லத்துக்கு ஒற்றையடிப் பாதைதான் என்றாலும், 1,000 லிட்டர் டாங்க்கை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்பக்கம் வழவழப்பு, கழுவுவது சுலபம். கறுப்பு நிறமோ, உள்ளே கறுப்பு அடுக்கு உள்ளதோ பார்த்து வாங்கினால் வெளிச்சம் புகாது, பாசியும் பிடிக்காது. ஐ.எஸ். 12701 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிநீர் வைக்கும் பிளாஸ்டிக் டாங்குகளுக்கான இந்தியத் தர எண் அது.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். 5,000 லிட்டர் டாங்க் என்றால் வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் ஏற்றி வர வேண்டும், அதற்கு அப்புறம் அதைச் சுமந்து போக வழி கிடையாது. அடிப்பாகம் முழுவதும் மட்டமான தளத்தில் உட்காராவிட்டால், ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் விரிசல் விடும். காலியாக இருக்கும்போது பலத்த காற்றில் உருண்டுவிடும், கட்டி வைக்காமல் விடக்கூடாது. விரிசலை ஒட்டினால் நெடுநாள் தாங்குவது அபூர்வம். கடைசியில் அந்த உடைந்த டாங்க்கை மலையிலிருந்து இறக்க ஆளில்லாமல் காப்பித் தோட்டத்து ஓரத்தில் கிடக்கும்.

ஃபெரோசிமெண்ட் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. கம்பிச் சட்டத்தின் மேல் வெல்டுமெஷும் (பற்றவைத்த கம்பிவலை) கோழிவலையும் சுற்றிக் கட்டி, இரு பக்கமும் சிமெண்ட் கலவை அடித்துப் பூசும் மெல்லிய சுவர்த் தொட்டி இது. பிரான்சில் லாம்போ என்பவர் 1848-இல் இந்த முறையில் படகே செய்திருக்கிறார். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் பல வருஷமாக இதில் வேலை நடக்கிறது. சுவர் கனம் ஒன்றரை அங்குலம் போதும். உள்விட்டம் இரண்டரை மீட்டர், உயரம் இரண்டு மீட்டர் வைத்தால் 9,800 லிட்டர் பிடிக்கும். என் கணக்குப்படி இதற்கு 15 மூட்டை சிமெண்ட் அளவுதான் ஆகும். கம்பி, வலை, மணல், சிமெண்ட் எல்லாமே தலைச்சுமையாகவோ குதிரையிலோ போகக்கூடிய பொருட்கள். மலைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதன் உயிர் கொத்தனார் கையில் இருக்கிறது. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல், தண்ணீர் குறைவாக விட்டுக் கெட்டியான கலவை. கரணையால் அழுத்திப் பூசும்போது கலவை வலைக்குள் புகுந்து மறுபக்கம் துருத்திக்கொண்டு வர வேண்டும், வலையின் ஒரு கண்ணிகூட வெளியே தெரியக்கூடாது. தெரிந்த இடத்தில் துரு பிடிக்கும், துரு பிடித்த இடத்தில்தான் பின்னால் கசிவு வரும். பூசிய பின் ஈரச்சாக்கு போர்த்தி குறைந்தது இரண்டு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனி பொழிகிற மார்கழியில் கலவை இறுக இன்னும் நாள் எடுக்கும். மாசி பிறந்ததும் தொடங்கினால் கோடைக்குள் தொட்டி தயார். சுவர் கசிந்தால் தொட்டியை வடித்துவிட்டு உள்ளூர்க் கொத்தனாரே கொத்திப் பூசிவிடுவார். கீழேயிருந்து யாரும் ஏறி வர வேண்டியதில்லை. எனக்கு இந்தத் தொட்டியின் மேல் நம்பிக்கை வந்ததே இதனால்தான்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் தாது உப்பு இல்லாத மென்தண்ணீர், மலை ஊற்றுத் தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான். அது புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைக்கும். முதல் சில நாள் தண்ணீரில் சுண்ணாம்பு வாடை அடிப்பது இதனால்தான். தண்ணீரின் காரத்தன்மையும் ஏறும். அதைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் வேகம் குறைந்துவிடும். அதனால் புதுத் தொட்டியை நிரப்பி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பி, வாடை போன பிறகே பயன்படுத்த வேண்டும்.

தரைக்கடியில் சம்ப் கட்டுவது சமவெளியில் நல்ல யோசனை. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், இடமும் அடைக்காது. குழந்தைகள் இருக்கும் மலை வீட்டுக்கு இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரிவில் மேல்பக்கம் கழிப்பறைக் குழி இருந்தால் அதன் ஊறல் சம்ப்பின் விரிசல் வழியாக உள்ளே வரும், வந்தது கண்ணுக்கும் தெரியாது. காப்பிப் பழம் உரித்துக் கழுவும் மாதங்களில் தோட்டத்து ஓடைகளில் அந்தக் கழிவுநீர் கலக்கும், கனமழையில் அது மூடிக்கு மேலேயே பாயலாம். தோண்ட ஜே.சி.பி. வேண்டுமென்றால் மலைப்பகுதியில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். மேட்டு ஊற்றிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீரைக் குழிக்குள் விட்டு, பிறகு மோட்டார் போட்டு ஏற்றுவதில் என்ன நியாயம்? மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இதையெல்லாம் விட, மூடியைத் திறந்து போட்டுவிட்டு யாரோ ஒருவர் சாப்பிடப் போன அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஸ்டீல் டாங்க் உறுதிதான், ஆனால் விலை அதிகம். குளோரின் கூடுதலாகப் போட்டால் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். அந்தப் பணத்துக்கு இல்லத்தில் செய்ய எத்தனையோ வேலைகள் இருக்கும்.

சரி, என் முடிவு இதுதான்: பெரிய டாங்க் ஒன்றே ஒன்று என்பதை விட்டுவிட வேண்டும். இல்லத்துக்கு மேலே, கெட்டியான தரையில் 10,000 லிட்டர் ஃபெரோசிமெண்ட் தொட்டி. தொட்டி பத்து மீட்டர் மேட்டில் இருந்தால் மோட்டாரே இல்லாமல் குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் நல்ல அழுத்தத்தில் தண்ணீர் வரும். குடிக்கவும் சமைக்கவும் சமையலறை அருகே இரண்டு 500 லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் டாங்குகள், சின்ன மேடை கட்டி. ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஓடும். ஊற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் நடுவில் மண் படிய ஒரு சின்னத் தொட்டி, சல்லியும் மணலும் போட்டு. கலங்கல் இருக்கும் தண்ணீரில் எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

குளோரினைச் சின்ன டாங்க்கில் மட்டும் போடுவதால் அளவு தவறாது. 25 சதவீத வீரியமுள்ள ப்ளீச்சிங் பவுடர் 2 கிராம் போட்டால், 500 லிட்டர் தண்ணீரில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் டாங்க்கில் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு குழாயில் பிடித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500. ஊராட்சி டேங்க் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு பார்க்கும் சின்னக் கருவி) தண்ணீர் மஞ்சளாக மாறுவதைப் பெரிய பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பவுடர் பையை மட்டும் திறந்து வைக்காதீர்கள், இந்த மலை ஈரத்தில் சீக்கிரமே அதன் வீரியம் போய்விடும்.

குழந்தைகள் இல்லங்களுக்கான 2016 மாதிரி விதிகள், சுத்திகரித்த குடிநீர் வேண்டும், ஃபில்டரோ ஆர்.ஓ.வோ பல இடங்களில் இருக்க வேண்டும் என்கின்றன. ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவாக இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம், அது நிறையத் தண்ணீரை வெளியே கொட்டும். பீங்கான் கேண்டில் ஃபில்டர் போதும். திண்டுக்கல்லில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

எந்தத் தொட்டி என்றாலும் மூடிக்குப் பூட்டு வேண்டும். குரங்கு சாதாரண மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிக்கும். காற்றுக் குழாய்க்கும் ஓவர்ஃப்ளோவுக்கும் கொசுவலை கட்ட வேண்டும். டெங்கு கொசு தேடுவது நல்ல தண்ணீரைத்தான், முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒன்றரை வாரம்கூட வேண்டாம். அடிமட்டத்தில் அழுக்குத் தண்ணீரை வடிக்கும் வாஷ்அவுட் வால்வு இல்லாத தொட்டியை யாரும் கழுவ மாட்டார்கள், கட்டும்போதே வைத்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் அந்த இரண்டு 500 லிட்டர் டாங்குகளையும் மேடையையும் செய்து கொடுங்கள். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அன்றைக்கே சுத்தமாகிவிடும். ஃபெரோசிமெண்ட் தொட்டியை அடுத்த மாசியில் கட்டலாம், அதுவரை பழைய தொட்டியே குளிக்கவும் துவைக்கவும் ஓடட்டும்.