பள்ளிச் சாரணர் படையா, வெளியே கூடும் பொதுப் படையா?

பிள்ளையைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்த பிறகு, எந்தப் படையில் என்ற கேள்வி பலருக்கு வருவதே இல்லை. பள்ளியில் ஒன்று இருந்தால் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மகன் படிக்கும் பள்ளியிலேயே நடக்கும் படை. இன்னொன்று எந்தப் பள்ளியோடும் சேராமல், வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் வார இறுதியில் வந்து கூடும் பொதுப் படை. இரண்டையும் போய்ப் பார்த்தோம், இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமும் பேசினோம், கடைசியில் பொதுப் படையைத் தேர்ந்தெடுத்தோம். மகன் இப்போது அங்கே ஓர் அணியின் துணைத் தலைவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டிலும் ஒன்றாக இருப்பவற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உறுதிமொழி ஒன்றுதான், இடக்கையால் கைகுலுக்குவதும் தினம் ஒரு நற்செயலும் ஒன்றுதான். முடிச்சு, முதலுதவி, வரைபடம், திசைகாட்டி எல்லாம் ஒரே பாடத்திட்டத்திலிருந்து வருபவை. ஒரே சங்கத்தில் பதிவான படைகள் என்றால் பேட்ஜ்களின் மதிப்பிலும் வித்தியாசம் கிடையாது.

பள்ளிப் படையின் வசதிகளும் தெரிந்தவையே. தனியாகக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டாம். சாரண ஆசிரியர் ஏற்கெனவே தெரிந்தவர். நண்பர்களும் கூடவே சேருகிறார்கள். பெரும்பாலும் செலவும் குறைவு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வார இறுதியில் அரை நாள் ஒதுக்குவது சின்ன விஷயம் இல்லை. பள்ளியில் நடப்பதால் மட்டுமே சாரணர் சீருடை அணிய முடிகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பள்ளிப் படைகள் இல்லாவிட்டால் இயக்கம் அவர்களை எட்டவே எட்டாது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அப்படியிருந்தும் எங்களைப் பொதுப் படையின் பக்கம் இழுத்தது ஒரே ஒரு விஷயம்: அணி முறை.

சாரணர் படை என்பது வரிசையில் நிற்கும் முப்பது பிள்ளைகள் இல்லை. ஆறு முதல் எட்டு பேர் கொண்ட சிறு அணிகள் பல சேர்ந்தது அது. 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமுக்குச் சுமார் 20 சிறுவர்கள் வந்தார்கள். அவர்களை அவர் ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ பறவை என நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு அவருடைய கைநூல் பகுதி பகுதியாக வெளிவந்தபோது, பல இடங்களில் அதைப் படித்த பையன்கள் தாங்களாகவே அணி சேர்ந்துகொண்டு, அதன் பிறகுதான் வழிநடத்த ஒரு பெரியவரைத் தேடிப் போனார்கள். அணி முதலில் வந்தது, ஆசிரியர் பிறகு வந்தார். இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அணி சரியாக நடக்க வேண்டுமானால் அதில் வயது கலந்திருக்க வேண்டும். பதினொரு வயதில் புதிதாக வருகிறவனுக்கு க்ளோவ் ஹிட்ச் முடிச்சைச் சொல்லித்தருகிறவன் பதினான்கு வயதுக்காரனாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் கயிறு குழப்பும் என்பது அவனுக்கு இன்னும் மறந்திருக்காது. முகாமில் என்ன சமைப்பது, யார் விறகு பொறுக்குவது, கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதையெல்லாம் அணிக்குள்ளேயே பேசி முடிவெடுக்க வேண்டும். அணித் தலைவர்கள் தனியாகக் கூடி அடுத்த மாதத் திட்டத்தைப் போட வேண்டும். பெரியவர்கள் அந்தத் திட்டம் பாதுகாப்பானதா என்று பார்த்து, தேவையானதைத் தேடிக் கொடுத்து, ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளை பொறுப்பு கற்றுக்கொள்வது இங்கேதான். பேட்ஜ் அதற்குக் கிடைக்கும் அடையாளம் மட்டுமே.

நாங்கள் பார்த்த பள்ளிப் படையில் அணிகள் பெயரளவில் இருந்தன. பெயர்ப் பலகையும் இருந்தது, கொடியும் இருந்தது. ஆனால் கூட்டம் ஒரு பாடவேளைக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதால் அணியில் எல்லோரும் ஒரே வயது. வகுப்பில் யார் முதல் வரிசையோ அவர்தான் இங்கேயும் தலைவர். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்குப் போனதும் மூத்தவர்கள் விலகிவிடுகிறார்கள், அதாவது தலைமை ஏற்கும் பக்குவம் வருகிற நேரத்தில். ஆண்டுதோறும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆசிரியர் அக்கறையானவர்தான், அவர்மீது எந்தக் குறையும் இல்லை. நாற்பது நிமிடத்தில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் பாடம்தான் நடத்த முடியும்.

பொதுப் படையில் அன்று நாங்கள் பார்த்தது வேறு. சாரண ஆசிரியர் ஓரமாக நின்றிருந்தார். ஓர் அணி கயிறும் கம்புகளும் வைத்து மேசை கட்டிக்கொண்டிருந்தது. கட்டு தளர்ந்து கால் ஒன்று சாய்ந்தபோது அவர் போய்ச் சரிசெய்யவில்லை. அணித் தலைவி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, சின்னவன் ஒருவனிடம், "இந்தக் கட்டை நீ அவிழ்த்துப் பாரு, எங்க தப்பு நடந்திருக்குன்னு சொல்லு" என்றாள். எங்கள் முடிவு அந்த இடத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பள்ளி மாறினாலும் படை மாறாது என்பது இதோடு சேர்ந்தே வரும் ஆதாயம். நாலைந்து ஆண்டு ஒரே அணியில் இருந்து, கடைக்குட்டியாக நுழைந்தவன் தலைவனாக வளர அங்கே நேரம் இருக்கிறது. திரிசாரணர் (சாரணர் வயதைத் தாண்டிய இளைஞர் பிரிவு) வயதுக்கு வந்த மூத்தவர்கள் திரும்பி வந்து உதவுகிறார்கள். சாரண ஆசிரியர் ஒருவர் இடம் மாறிப் போனாலும் படை கலைந்துபோகாமல் இருக்க அவர்கள்தான் காரணம்.

சரி, நீங்கள் பார்க்கும் படையில் அணி உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கூட்டம் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அதிக நேரம் பேசுவது யார் குரல் என்று கவனியுங்கள். பிறகு பெரியவர்களை விட்டுவிட்டு ஓர் அணித் தலைவரிடம் பேசுங்கள். "நீங்களே முடிவு பண்ணிக் கடைசியா என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நல்ல படை. திரும்பி ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால் யோசியுங்கள். முகாமில் சமைப்பது யார் என்றும் கேளுங்கள். சமையல்காரரை வைத்துச் சாப்பாடு போடும் முகாமில் பிள்ளைகளுக்குப் பாதிக் கல்வி போய்விடுகிறது என்பது என் கருத்து. சாரண ஆசிரியர் கழுத்தில் தோல் கயிற்றில் இரண்டு மரமணிகள் தொங்கினால் அவர் படை நடத்தும் பெரியவர்களுக்கான உட் பேட்ஜ் பயிற்சியை முடித்தவர். 1919-ல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தொடங்கிய பயிற்சி அது. நல்ல அறிகுறிதான், ஆனால் மணிகளை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

பொதுப் படையில் பெற்றோர் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டிய இடம் பாதுகாப்பு. பள்ளியில் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு கதவு இருக்கிறது. பொதுப் படையை நடத்துவது தன்னார்வலர்கள். அதனால் அந்தப் படை தேசியச் சங்கத்தில் பதிவானதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்கிறார்களா, முகாமில் பெரியவர்களின் கூடாரம் தனியா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல படை இந்தக் கேள்விகளால் மனம் நோகாது, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும். மழுப்பினால் வேறு எத்தனை சிறப்பு இருந்தாலும் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு சுமையும் உண்டு. பொதுப் படை பெற்றோரின் கையையும் எதிர்பார்க்கும். முகாமுக்குச் சாமான் ஏற்ற, வண்டி ஓட்ட, சில நேரம் படையின் கணக்குப் பார்க்கவும் கூப்பிடுவார்கள். அதற்கு நேரமே இல்லை என்றால் அந்த உறவு நீடிப்பது கடினம்.

பிள்ளை பத்து வயதுக்குக் கீழே என்றால் என் வாதத்தின் பாதி செல்லாது. 1916-ல் சாரணர் வயதை எட்டாத சின்னப் பிள்ளைகளுக்கான குருளையர் பிரிவைத் தனியாகத் தொடங்கியதே, சின்னவர்களுக்கு வேறு முறை வேண்டும் என்பதால்தான். அங்கே விளையாட்டும் கதையும் பெரியவரின் வழிநடத்தலுமே மையம். நல்ல ஆசிரியர் இருந்தால் பள்ளிக் குருளையர் குழு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சாரணர் வயது வரும்போது மாற்றிக்கொள்ளலாம். அதேபோல், பள்ளி முடிந்த பிறகு நேரம் ஒதுக்கி, பல வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து அணி அமைத்து நடத்தும் பள்ளிப் படைகளும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருந்தால், தூரத்தில் இருக்கும் பொதுப் படையைத் தேடிப் போக வேண்டாம். பக்கத்தில் இரண்டுமே இல்லாதவர்களுக்குத் தனிச் சாரணர் என்ற, படையில் சேராமலே சாரணராக இருக்கும் ஏற்பாட்டைச் சில நாட்டுச் சங்கங்கள் வைத்திருக்கின்றன.

எனக்கு அனுபவம் போதாத இடங்களும் இருக்கின்றன. எங்கள் படை இருபாலரும் கலந்தது. சாரணியருக்கென்று தனியாக நடக்கும் படையை உள்ளிருந்து நான் பார்த்ததில்லை, அதனால் மகளுக்கு எது நல்லது என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கடற்சாரணர், வான்சாரணர் பிரிவுகள் பற்றியும் அப்படித்தான். சாரணர் விருதுகள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ எவ்வளவு கைகொடுக்கும் என்ற கட்டத்துக்கு என் மகன் இன்னும் வரவில்லை. சில பெற்றோர் அதற்காகவே சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் எந்தப் படை மேல் என்பதை அதைக் கடந்து வந்தவர்களிடம் கேட்பது நல்லது.

சேர்ப்பதாக முடிவெடுத்தால் பள்ளி ஆண்டின் தொடக்கம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அணியில் இடம் இருந்தால் பொதுப் படைகள் இடையிலும் எடுத்துக்கொள்கின்றன. காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள். சீருடைக்கு அவசரம் வேண்டாம். உறுதிமொழி ஏற்கும் வரை சாதாரண உடையில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள், பல படைகளில் சரி என்பார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். சீருடை வாங்கும்போதும் வளர்ந்துவிட்ட மூத்த பிள்ளைகளின் பழைய சட்டை கிடைக்குமா என்று படையில் கேளுங்கள்.