பல நிறுவனங்கள் பகிர்ந்த டீசல் இன்ஜினும் காளவாசல் பட்டறையும்

மதுரை காளவாசலிலிருந்து பைபாஸ் சாலையில் சற்று உள்ளே தள்ளி இருக்கும் இந்தப் பட்டறையில் எல்லா நிறுவனங்களின் கார்களையும் பார்க்கிறார்கள் என்றாலும், நான் எழுத வந்தது 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை அவர்கள் கையாளும் விதத்தைப் பற்றித்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் காரைக் காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது, சில விநாடிகள் கரகரவென்று சத்தம் வந்து பிறகு அடங்கிவிடும். அதற்கு முன் காட்டிய வேறொரு சர்வீஸ் மையத்தில், டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே மூத்த மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பே, "டாக்சி விஸ்டாவுல நூறு தடவ கேட்ட சத்தம்ணே இது, டைமிங் செயின்" என்றார். விஸ்டா டாடாவின் கார்; என் காரோ டாடா தயாரிப்பே அல்ல.

அவர் சொன்னது சரியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஃபியட், ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டு முயற்சியில் உருவாகி 2003-இல் வெளிவந்த இந்த 1,248 சிசி இன்ஜின், ஃபியட்டில் மல்டிஜெட் என்றும், மாருதி சுசூகியில் டிடிஐஎஸ் என்றும், டாடாவில் குவாட்ராஜெட் என்றும் பெயர் பெற்றது. மாருதி உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. டாடாவுக்கு மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவில் உள்ள ஃபியட்-டாடா கூட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆகவே ஒரு காரில் கற்ற பாடம் இன்னொரு காருக்கு அப்படியே கைகொடுக்கிறது. ஆனால் எல்லா உதிரிபாகங்களும் பொருந்திவிடாது; 75 குதிரைத்திறன் வகையின் டர்போ வேறு, 90 வகையின் டர்போ வேறு. அந்த வித்தியாசத்தை நான் கேட்காமலேயே விளக்கினார்கள்.

வேலை நடந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டைமிங் செயின் இணைக்கும் இரு தண்டுகளான, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் அசையாமல் பூட்டுவதற்கென்றே உள்ள கருவிகளைப் பொருத்திய பிறகே செயினில் கை வைத்தார்கள். கண்மதிப்பில் மார்க் போட்டுக் கழற்றும் பழக்கம் இங்கே இல்லை. கழற்றிய செயினைப் புதியதோடு சேர்த்து மேசையில் நீட்டி வைத்தபோது, பழையது இழுபட்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது; காலையில் அந்த அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்கிறது, ஏறியதும் சத்தம் நின்றுவிடுகிறது. முந்தைய உரிமையாளர் ஆயிலைக் காலம் தாழ்த்தி மாற்றியதே தேய்மானத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆயில் ஊற்றும் துளையின் மூடிக்கு உட்புறம் படிந்திருந்த கரிய பிசுக்கை விரலால் வழித்துக் காட்டியபோது எனக்கும் அப்படியே பட்டது.

குறைகளும் உண்டு. மூன்று நாள் என்றவர்கள் ஐந்தாம் நாள்தான் வண்டியைக் கொடுத்தார்கள், இடையில் ஒரு போன்கூட இல்லை. பில்லில் 'செயின் செட்' என்று கையால் எழுதியிருந்ததே தவிர, பாக எண் இல்லை. நான் கேட்ட பிறகுதான் காலி அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து எண்ணைக் குறித்துக் கொடுத்தார்கள். காத்திருப்பவர்களுக்கு நிழல் கிடையாது.

மாருதி 2020-இல் டீசலைக் கைவிட்ட பிறகும் இந்த இன்ஜின் உள்ள கார்கள் மதுரைச் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. இதே சத்தத்தோடு செல்பவர்கள் வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டுவிடுங்கள். இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில்தான் அவர்கள் அதைக் கேட்க முடியும்.