வெண்புள்ளித் தோலும் ஃபுளூரோயுராசில் களிம்பும்

காங்கேயம் பக்கத்தில் மேட்டுக்காட்டு வெள்ளாமையிலேயே வயதான எனக்கு நெற்றியிலும் முன்கைகளிலும் வெண்புள்ளி உண்டு. மாநிறத் தோலில் அரிதாகவே வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் (பல்லாண்டு வெயிலால் தோலில் எழும் சொரசொரப்பான திட்டுகள்), நிறமி இழந்த அந்த இடங்களில்தான் வந்தது. கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கே முதலில் உப்புத்தாளாகத் தட்டுப்படும். இவற்றுள் சில பின்னாளில் தோல் புற்றாக மாறக்கூடும் என்பதால், தோல் மருத்துவர் 5 சதவீத ஃபுளூரோயுராசில் களிம்பை நாளுக்கு 2 வேளை தடவச் சொன்னார். வழக்கமாக இது 2 முதல் 4 வாரம் வரை செல்லும்.

முதல் சில நாள்கள் ஒன்றும் தெரியாது. பிறகு சிவந்து, எரிச்சல் எடுத்து, இரண்டாம் வாரத்தில் தோல் உரிந்து, நீர் கசிந்து பொருக்குத் தட்டும். செல்கள் பெருகுவதற்கு வேண்டிய டிஎன்ஏ உருவாவதை மருந்து தடுப்பதால், கெட்ட செல்கள் மிகுந்த இடமே அதிகம் புண்ணாகிறது. அதுவரை கைக்குத் தட்டுப்படாத இடங்களும் அப்போது சிவந்து தம்மைக் காட்டிக்கொடுத்தன. "ஏனுங் மாமா, இத்தனை புண்ணாக்கற மருந்தை எதுக்குங்க தடவிட்டிருக்கறீங்க?" என்று மைத்துனர் மகள் கேட்டாள். மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னவர்களுக்கும் குறைவில்லை (மஞ்சள் விளையும் சீமையல்லவா). மருத்துவர் அனுமதித்த வாசலினைத் தவிர வேறெதையும் நான் புண்ணில் வைக்கவில்லை.

மருந்தை நிறுத்திய சில வாரங்களில் புண் ஆறிவிட்டது. ஆனால் வெண்புள்ளியின் ஓரத்தைத் தாண்டி மாநிறத் தோலில் களிம்பு பட்ட இடமெல்லாம் கருத்துப்போய், அந்தக் கருமை மாதக்கணக்கில் நின்றது. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்படும் விவரங்களில் இது பெரிதாகப் பேசப்படுவதில்லை. நம்மவர்களுக்கோ எரிச்சலைவிட இதுதான் நீண்ட தொல்லை.

வெயில் பட்டால் புண் இன்னும் கடுமையாகும் என்பதால் அடுத்த சுற்றை மார்கழியில் வைத்துக்கொண்டேன். பின்னொரு முறை இதற்கே கொடுக்கப்பட்ட இமிக்விமாட் களிம்பு, நோயெதிர்ப்பைத் தூண்டி வேலை செய்வது. தோல் புண்ணோடு காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தன. 3 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் சாதுவானதுதான், ஆனால் 60 முதல் 90 நாள் பொறுமை வேண்டும். என் கணக்கில் ஃபுளூரோயுராசிலே மேல்.

கருவுற்றவர்கள் ஃபுளூரோயுராசிலைத் தொடவே கூடாது. தோட்டத்தில் நாயோ பூனையோ இருந்தால் களிம்புக் குழாயை எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறிதளவு தின்றாலும் அவற்றின் உயிருக்கே ஆபத்து. எங்கள் நாய்க்குக் கையை நக்கும் பழக்கம் இருப்பதால், களிம்பு தடவும் நாள்களில் முழுக்கைச் சட்டையோடுதான் இருப்பேன்.