கியூட்டெக்ஸா, ஜெல்லா, மருதோன்றியா: வேலை செய்கிற கைக்கு எது தோது?

விடிய எழும்பி மீன் வெட்டி, தேங்காய் துருவி, ஸ்கூட்டியில் கல்முனைக்கோ மட்டக்களப்பு டவுனுக்கோ வேலைக்கு ஓடி, பின்னேரம் வலைப்பந்துப் பயிற்சிக்கும் நிற்கிறவளுக்கு நகத்தோடு மினக்கெட நேரம் ஏது? கைக்கெட்டின வழிகள் நாலு: சாதாரண கியூட்டெக்ஸ், பார்லரில் போடும் ஜெல், மருதோன்றி, ஒன்றும் பூசாத வெறும் நகம். எத்தனை நாள் நிற்கும் என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள். போகும்போது எப்படிப் போகும் என்று விசாரிப்பவர்கள் குறைவு; செலவும் சேதமும் கிடப்பது அங்கேதான். எங்கள் பக்கம் எது என்பதை ஒளிக்கத் தேவையில்லை: நாளாந்தம் குட்டையான வெறும் நகம், நிறம் வேண்டுமென்றால் மருதோன்றி.

கியூட்டெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகம் தண்ணீரை உறிஞ்சி ஊதும், காய்ந்ததும் சுருங்கும். மேலே இறுகின பூச்சு அதோடு சேர்ந்து நெகிழாததால் நுனியிலிருந்து சிப்புச் சிப்பாகக் கழரும். தண்ணீர் வேலை உள்ள கையில் மூன்றாம் நாளே தொடங்கிவிடும். பூசுவதற்கு முன் கையை ஊற வைக்காமல், நகத்தில் உள்ள எண்ணெயை ரிமூவரால் துடைத்து, மெல்லியதாக இரண்டு தரம் பூசி, நகத்தின் விளிம்பிலும் தூரிகையை ஒருமுறை இழுத்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கும். தோல் நிறத்துக்குக் கிட்டின நிறமென்றால் கழன்றது தெரியாது. அழிப்பது ஐந்து நிமிட வேலை, நகத்துக்கும் பெரிய கேடில்லை. ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்து அழிக்க வேண்டாம்.

ஜெல்தான் ஆசை காட்டும். இரண்டு மூன்று கிழமைக்கு மினுக்கம் குறையாது, விளக்கிலிருந்து கையை எடுத்தவுடன் வேலைக்குப் போகலாம். ஆனால் இது காற்றில் காய்கிற பூச்சு அல்ல. புற ஊதா ஒளியில் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிற பொருள். கழற்றுவதற்கு மேல் மினுக்கத்தை அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். இளகினதை மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். வராவிட்டால் திரும்பவும் சுற்ற வேண்டும். சுரண்டக் கூடாது.

நடக்கிறது என்ன? இரண்டாம் கிழமையில் ஒரு ஓரம் லேசாகக் கிளம்பும். மருதமுனையில் தறியில் இருக்கிறவளுக்கு நூல் அந்த ஓரத்தில் மாட்டும்; சும்மா இருக்கிறவளுக்கும் விரல் அங்கேயே போகும். பிடித்து உரித்தால் ஜெல்லோடு நகத்தின் மேற்படையும் வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து வரும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ.தான் வளர்கிறது. உரிந்த நகம் முழுதாக மாற ஆறு மாதம் வரை ஆகும், அதுவரை மெல்லிசாக மடங்கும். உரிக்காமல் விட்டாலும் தொல்லைதான். கிளம்பின ஓரத்துக்குள் சட்டி கழுவும் தண்ணீர் புகுந்து நின்றால் சூடோமோனாஸ் பக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற கைக்கு ஜெல் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று, இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதிலுள்ள அக்ரிலேட்டுகளுக்கு ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. வீட்டில் வாங்கிப் போடும் ஜெல் செட்டுகளில் இந்த ஆபத்து கூட, ஏனென்றால் பழக்கமில்லாத கை நகத்தைத் தாண்டித் தோலிலும் பூசிவிடும்.

மருதோன்றியின் கதை வேறு. இலையிலுள்ள லோசோன் என்ற நிறப்பொருள் நகத்தின் கெரட்டினோடே பிணைகிறது. மேலே படலமாக நிற்காததால் உரிய எதுவுமில்லை, தண்ணீர் புக இடுக்கும் இல்லை, கழற்றும் வேலையும் இல்லை. வளர வளர வெட்டி எறிவதோடு சரி. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பெண்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். கியூட்டெக்ஸும் ஜெல்லும் அதை மறிக்கும், மருதோன்றி மறிக்காது.

இரண்டு பிடி பச்சை இலையைக் காம்பு நீக்கி அம்மியில் மை போல அரைத்து, அரைத் தேசிக்காய்ச் சாறும் ஆறின தேயிலைச் சாயம் கொஞ்சமும் விட்டுக் குழையுங்கள். கெட்டியாக இருக்கட்டும், ஒழுகினால் விரலெல்லாம் சிவக்கும். நகத்தைச் சுற்றித் தோலில் வாஸலின் தடவுங்கள், நகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தடிப்பாக அப்பி, காய்ந்து உதிராமல் பொலித்தீன் துண்டால் சுற்றி, குறைந்தது நாலு மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். எடுக்கும்போது கழுவாமல் உதிர்த்து எடுத்து, அன்று பகல் சவர்க்காரத் தண்ணீரிலிருந்து கையைக் காப்பாற்றுங்கள். முதலில் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். ஓரிரு நாளில் கடுத்துவிடும்.

இதிலும் குறை உண்டு. தோலில் பிடித்தது ஒன்றிரண்டு கிழமையில் மங்கும், ஆனால் நகத்தில் பிடித்தது மாதக்கணக்கில் இருக்கும். மனம் மாறினாலும் அழிக்க முடியாது. அடியில் புதுநகம் வெள்ளையாக ஏறுவது பிடிக்காவிட்டால் மாதம் ஒருமுறை அடிப்பக்கத்துக்கு மட்டும் வைக்கலாம். சேலைக்கு ஒரு நிறம் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது.

கடைக் கோனில் கவனம். பதினைந்து நிமிடத்தில் கறுக்கிறது என்றால் அது தனி மருதோன்றியின் வேலை அல்ல. ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்பதில் தலைமுடிச் சாயத்தில் சேரும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். கொப்புளம் போடும், பிறகு ஆயுளுக்கும் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். பச்சைக் குழந்தைகளுக்கு இலை மருதோன்றியே வேண்டாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பிள்ளையென்றால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம்.

வெறும் நகத்துக்குக் கிழமையில் பத்து நிமிடம் போதும். வெள்ளை விளிம்பு 1 மி.மீ. இருக்க வெட்டி, மூலைகளை லேசாக உருட்டி, காய்ந்த நகத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே பக்கமாக அராவுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் நுனி பிளக்கும். மினுக்குக் கட்டையை மாதம் ஒருமுறைக்கு மேல் தொட வேண்டாம், நகம் தேயும். நகம் முளைக்கிற அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுதான், வெட்டினால் நகச்சுற்றுக்கு வழி. படுக்கப் போகும்போது கை ஈரமாக இருக்கையிலேயே விரலுக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்தால் போதும். சவர்க்காரத்தூள் வேலைக்கு ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தியுறை. வேளாண்மையில் புல்லுப் பிடுங்கப் போகிறவர்கள் தோல் வெடிப்பை விட்டுவிடக் கூடாது, எலிக்காய்ச்சல் கிருமி அதற்குள்ளாலும் நுழையும். போகம் தொடங்கும்போது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வலைப்பந்து ஆடுகிறவர்களுக்குக் குட்டை நகம் விதியிலேயே உண்டு. நீட்டினால் நடுவர் வெட்டிவிட்டு வரச் சொல்லுவார்.

அறுகம்பேயில் மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு மருதோன்றி எவ்வளவு சீக்கிரம் வெளிறும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். தோலில் கெதியாகப் போகும், நகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது எங்கள் கணிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் கலியாணத்துக்கு ஜெல்தான் வேண்டுமென்றால், போடப் போகும் அன்றே கழற்றும் நாளையும் பார்லரில் பதிந்துவிடுங்கள். மூன்றாம் கிழமையைத் தாண்ட விடாதீர்கள். இடையில் ஓரம் கிளம்பினால் அந்த ஒரு விரலை மட்டும் அசிட்டோனில் சுற்றிக் கழற்றிவிடுங்கள்.