கே-22 மாஸ்டர்பீஸா, கோல்ட் ஆபீசர்ஸ் மாடல் மேட்சா?

இரண்டும் அமெரிக்க ஆறு ரவை ரிவால்வர்கள்; .22 வகையில் (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்), ஆறு அங்குலக் குழலோடுதான் பெரும்பாலும் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22, 1957இல் 'மாடல் 17' ஆனது. கோல்ட் மேட்ச் 1953இல் வந்தது.

வாரந்தோறும் சுட என்றால் நான் ஸ்மித்தைத்தான் எடுப்பேன். விசையை இழுத்தால் கடைசிவரை சீராக வரும். கோல்ட்டிலோ கடைசியில் கனக்கும். கோல்ட்டில், ரவைகள் இருக்கும் உருளையைத் திருப்பும் நெம்பு தேய்ந்தால், ரவை அறை குழலுக்கு நேராக நிற்காது. சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு. எனவே வாங்குமுன், ரவை இல்லையென உறுதிசெய்து, சுத்தியலை (ரவையை அடிக்கும் பின்பகுதி) மெல்லப் பின்னிழுங்கள். சுத்தியல் பின்னே மாட்டி நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள்.

அலமாரிக்கென்றால் கோல்ட். அந்த நீல மெருகுக்கு மயங்காதவர் யார்? ஆனால் முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் அது மறுமெருகு. விலையை அடித்துப் பேசுங்கள்.